ராணி கண்டுபிடித்த தடுமாற்றம்

நான் திருடினேன். ஒரு பெண்ணின் சிந்தனையைத் திருடி என் பெயரில் அச்சேற்றினேன். பிறகு, அவள்தான் என்னிடமிருந்து திருடினாள் என்று பிறர் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதில் எது பெரிய குற்றம்? எட்டு ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களாவது சொல்லுங்கள்… இல்லை, வேண்டாம். முதலில் முழுவதையும் கேளுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனம். ரஷ்யாவிலிருந்து வரும் இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது எங்கள் வேலை. எனக்கும் ராணிக்கும் அடுத்தடுத்த மேசை. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து பருத்திப்பட்டில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவள். அவள் பக்கத்திலேயே பாரிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா பயிர் செய்த நிலம் மனைகளாகிவிட, அவர் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் ரஷ்ய மொழி கற்றவர்கள். நான் கையேட்டோடு நின்றுவிட்டேன். அவள் இலக்கியத்துக்குள் போனாள்.

இரண்டு ரஷ்ய எழுத்தாளர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மூத்தவர், மற்றவர் அவரைப் படித்து வளர்ந்தவர். அவர்கள் பெயரை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. அவர்களை வைத்துத்தானே நான் பெயர் வாங்கினேன்!

மூத்தவரின் சாயல் இளையவரிடம் உண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. அது எந்த வழியாக வந்தது என்பதில்தான் ராணி புதிதாக ஒன்றைக் கண்டாள். மூத்தவரின் கதையில் வரும் ஏழை அலுவலருக்கு ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாது. ‘அதாவது… அது வந்து…’ என்று நின்றுவிடுவார். படிப்பவருக்குச் சிரிப்பு வரும். இளையவர் அதே தடுமாற்றத்தைத் தன் மனிதர்களுக்குக் கொடுத்தார். ஆனால் அங்கே சிரிக்க முடிவதில்லை. ஏன்?

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அவள் சொன்னாள்:

“பெரியவரு அந்த ஆளு தடுமார்றத வெளிய நின்னு பாக்குறாருக்கா. சின்னவரு உள்ள பூந்துட்டாரு. அவனுக்குப் பேசத் தெரியாம இல்ல. பேசுனா சிரிப்பாங்கன்னு பயம். அந்த பயத்துலதான் வார்த்த பாதியில நின்னு பூடுது.”

அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? நூலகத்திலா? இல்லை, எங்கள் அலுவலகத்தில்! அவள் வீட்டை ‘ஊடு’ என்றால் யாராவது அதையே திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். மேலாளர் முன்னால் நின்றால் அவள் பேச்சு அறுந்துவிடும். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அவள் பகுதிநேர ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். இரண்டு ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளை ஒரு நீளமான நோட்டில் எழுதி, தமிழைக் கொஞ்சம் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தாள்.

திருத்தினேன். திருத்தத் திருத்த வாக்கியங்கள் என்னுடையவை ஆயின. ஒரு கட்டத்தில் சிந்தனையும் என்னுடையதுதான் என்று தோன்றத் தொடங்கியது… இல்லை, பொய்! ஒருகணம்கூட அப்படித் தோன்றவில்லை. இந்த இடத்திலும் எனக்கு நானே சலுகை தேடுகிறேன், பார்த்தீர்களா?

ரஷ்ய மொழி தெரிந்தவள் என்பதால் ஓர் இலக்கிய இதழ் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. ஆறு மாதமாக எனக்கு எதுவும் எழுத வரவில்லை. ராணியின் குறிப்புகளைக் கட்டுரையாக்கி அனுப்பிவிட்டேன். மூத்தவரிடம் கற்றதை இளையவர் ஒருபோதும் மறைக்கவில்லை என்று அதில் பெருமையாக ஒரு பத்தி வேறு!

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று, நன்றிக்காக அவள் வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுத்து எடுத்து வந்தாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கட்டுரை பேசப்பட்டது. கூட்டங்களுக்கு அழைத்தார்கள். அலுவலகத்தில் அதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அடுத்த ஆண்டு ராணி தன் ஆய்வேட்டை அளித்தாள். அதை மதிப்பிட்டவர்களில் ஒருவர் என் கட்டுரையை முன்பே படித்திருந்தார். பல்கலைக்கழகத்தில் அவளை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். என்னையும்தான்.

மேசைக்கு அப்பால் மூன்று பேர். ராணி எழுந்து நின்றாள்.

“அது வந்து சார்… நான்தான் அக்காவாண்ட… அந்த நோட்டு…”

அதற்கு மேல் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை முடிக்க ஒரே ஒரு சொல் போதும். ‘கொடுத்தாள்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும்!

“நாங்கள் இதைப் பற்றி அடிக்கடி பேசிக்கொள்வோம். எது யாருடைய கருத்து என்று இப்போது பிரித்துச் சொல்வது கடினம்” என்றேன்.

எவ்வளவு நேர்த்தியான தமிழ்! ஒரு பிழை கிடையாது. அச்சில் என் கட்டுரை முந்தியிருந்தது. என் பேச்சு சீராக இருந்தது. அவள் திணறலை அவர்கள் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அவளது ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள்.

அவள் வேலையை விடவில்லை. விடக்கூடிய நிலையில் அவள் வீடு இல்லை. மறுநாள் காலை என் பக்கத்து மேசையில் வந்து அமர்ந்தாள். கையேட்டில் வந்த ஒரு குழாய் வால்வின் பெயரைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று கேட்டாள். “மேடம்” என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து ‘அக்கா’ போய்விட்டது. அவள் ரஷ்ய நாவல் எதையும் கையில் எடுத்து நான் பிறகு பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, துணிந்து பாரிவாக்கத்துக்குப் போனேன். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா? அழுதேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“எனக்குத் தெரியாததையா சொல்றீங்க மேடம்? அன்னிக்கு மேசைக்கு அந்தாண்ட மூணு பேரு குந்திகினு இருந்தாங்களே. அவங்களாண்ட போய் சொன்னீங்களா?”

அவள் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நான் அவர்களிடம் போகவில்லை… இன்றுவரை போகவில்லை. என் கட்டுரைத் தொகுப்பு வெளிவந்துவிட்டது. அதில் முதல் கட்டுரை அதுதான். அவர்களிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? என் முகம் உங்களுக்குத் தெரியாது என்பதால்தானே!

ராணி என்பது அவள் பெயர் அல்ல. அவளுடைய உண்மைப் பெயரை எழுதினால் என் பெயர் வெளியே வந்துவிடும். இந்தத் தாளில் மூன்று முறை அதை எழுதினேன். மூன்று முறையும் அடித்துவிட்டேன்.