அண்ணிக்கு ஒரு கார்னெட்

“எதிலும் பதற்றமில்லாதவர். எடுத்த முடிவை மாற்றாதவர். நின்ற இடத்தில் நின்று கடமையாற்றுபவர்.” மருத்துவமனை நிர்வாகம், சிறந்த ஊழியருக்கான பாராட்டுப் பத்திரத்தில் இப்படித்தான் அச்சடித்திருந்தது. விழாவில் இதை வாசித்தபோது உரியவர் மேடையில் இல்லை. தன்னைக் கூப்பிட ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று விசாரிக்கக் கீழே இறங்கிப் போயிருந்தார்.

அவரை அங்கே எல்லாரும் ‘அண்ணி’ என்றுதான் அழைத்தார்கள். உண்மையில் அவர் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அவருடைய நாத்தனார் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, ஓய்வு பெறும் வயதிலிருந்த காவலாளி உட்பட எல்லாருக்கும் அது ஒட்டிக்கொண்டது. கிருமி ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவரிடமிருந்து பரவிய தொற்று அது ஒன்றுதான். அறுவைச் சிகிச்சைக் கத்திரி, இடுக்கி, கிண்ணம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுத்து அனுப்பும் பிரிவில் அவருக்கு வேலை. பெட்டி ஓடி முடிகிறவரை ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அண்ணி விதியை மீறியதே இல்லை. நடந்துகொண்டே நிற்பார்.

மருத்துவமனை ஊழியர்களுக்கென்று ஒரு பித்தளை வாத்தியக் குழு இருந்தது. வேலை முடிந்ததும் பிசியோதெரபி கூடத்தில் கட்டில்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்பார்கள். முன்வரிசைக் கார்னெட்டுகள், அதாவது டிரம்பெட்டைவிடக் கொஞ்சம் குட்டையான ஊதுகருவிகள், மெட்டை வாசித்துக் கைதட்டலை வாங்கிக்கொள்ளும். பின்வரிசையில், மெட்டுக்கு அடியில் துணையாக ஒலிக்கிற இரண்டாவது கார்னெட். அங்கே அண்ணியும் நாத்தனாரும். இரண்டாவது கார்னெட் என்பது ஒரு விசித்திரமான உத்தியோகம். இல்லாவிட்டால் எல்லாருக்கும் தெரியும், இருந்தால் யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டில் இந்த இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் அது சண்டை. பின்வரிசையில் மட்டும் அது இசை என்று கருதப்பட்டது. அந்த நாற்காலியை அண்ணி எதற்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அதற்கு ஆபத்து வந்ததும் அண்ணியால்தான். குழுவில் யூஃபோனியம் என்ற பெரிய குழலை வாசிப்பவருக்கு ஓயாத இருமல். இருமல் தன் கார்னெட்டுக்குள் குடியேறிவிட்டது என்று அண்ணிக்குச் சந்தேகம். வேறு எந்த ஊரில், வேறு எந்தக் குழுவில் இருந்தாலும் ஒருவர் கார்னெட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவியிருப்பார். அண்ணி அதைத் துணியில் சுற்றி, ஆட்டோகிளேவில் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது கார்னெட்டில் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை. மேல்பூச்சு தோலுரிந்திருந்தது. வால்வுக்குள் இருந்த தக்கையும் கம்பளித் துண்டும் வெந்துபோயிருந்தன. சுருதி சேர்க்க இழுக்கிற ஸ்லைடு என்ற சிறு குழாய் இறுகிக்கொண்டது. அண்ணியின் கணவர் டயர் கடையில் வேலை பார்ப்பவர், கையில் பலத்துக்குக் குறைவில்லை.

“கொண்டா இங்க. இதெல்லாம் ஒரு வேலையா?” என்று வாங்கி இழுத்தார். ஸ்லைடு வந்தது. அதோடு சேர்ந்திருந்த குழாயும் வந்தது.

“என்னங்க இது?”

“கழட்டச் சொன்ன, கழட்டிட்டேன்.”

குழுவை நடத்துகிற மாஸ்டர், பகலில் எக்ஸ்ரே பிரிவு டெக்னீஷியன். உடைந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது போயாச்சு” என்றார், நோயாளியின் உறவினரிடம் சொல்கிற குரலில். புது வார்டுக் கட்டடத்தின் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அவர் எடுத்திருந்த உருப்படிக்கு, இரண்டாவது கார்னெட் இரண்டும் மட்டும் சேர்ந்து மெதுவாக வாசிப்பதுதான் ஆரம்பம். இரண்டு ஒலியும் ஒன்றாக இருந்தால் அது கட்டடம் கண் விழிக்கிற மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு பேர் வரிசையில் முண்டியடிக்கிற மாதிரி இருக்கும்.

“ஊழியர் சங்கம் புதுசு வாங்கித் தரும், அண்ணி. நீங்களே பாத்து எடுங்க. ஆனா விழாவுக்குள்ள உங்க நாத்தனாரோடதோட ஒலி சேரணும். சேரலேன்னா மருந்துக் கிடங்குக்காரர் அந்த இடத்துல உக்காரட்டும். அவர்கிட்ட நல்ல கார்னெட் இருக்கு. நீங்க சிம்பல் தட்டை எடுத்து அடிங்க.”

“சிம்பலா? வீட்டுல பாத்திரம் உருட்டறது பத்தாதா எனக்கு?”

சேர்கிறதா என்று பார்க்க மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். இருவரும் ஒரே சுரத்தை மாற்றி மாற்றி, தங்களுக்குத் தோன்றிய வரிசையில் ஊத வேண்டும். ஊதியது யார் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கருவி தோற்றது. மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆளைச் சொல்வதில் கெட்டிக்காரர்.

அண்ணி வாத்தியக் கடைக்குப் போனார். நாத்தனாரின் கார்னெட் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனிதான் வேண்டும் என்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி அலமாரியும் பளிங்குத் தரையுமாக இருந்த அந்தக் கூடத்தில் ஊதியபோது அண்ணிக்கே புல்லரித்தது. மினுமினுவென்று ஓர் ஒலி, கூடத்தைச் சுற்றிவந்து அவர் காதிலேயே வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். விற்பனையின்போது அவர் வழக்கமாக மூடுவார்.

ஒத்திகையில் அது எடுபடவில்லை. சரியாகச் சொன்னால், அது மட்டும்தான் எடுபட்டது.

“இது அண்ணி,” என்றார் சுவரைப் பார்த்த மாஸ்டர். “இது உங்க நாத்தனார். இதுவும் அண்ணி. இதுவும்.”

“ஒரே கம்பெனிதானே மாஸ்டர்?”

“ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்க எல்லாம் ஒரே மாதிரியா பேசறாங்க? அவங்களோடது பழைய வார்ப்பு. இப்ப அது வர்றதில்ல.”

நாத்தனார் காதைத் தேய்த்துக்கொண்டார். “ஆணி அடிக்கற மாதிரி இருக்கு, அண்ணி. அதுவும் என் பக்கத்துக் காதுல.”

அண்ணி அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கிவந்தார். அது அகன்ற குழாய், அடர்ந்த ஒலி. ஊத மூச்சு பத்தாமல் சுருதி இறங்கியது. அடுத்தது வெள்ளிப் பூச்சு. மெதுவாக ஊதும்வரை நல்ல பிள்ளை, கொஞ்சம் உரக்க ஊதினால் எகிறியது. அப்புறம் உதட்டில் பொருத்தும் மவுத்பீஸ்களை மாற்றிப் பார்த்தார். ஆழமானது, ஆழமில்லாதது, மறுபடி ஆழமானது. துணி மூட்டைகள் அடுக்கிய அறையில் ஊதினார், மாடிப்படியில் ஊதினார், குளியலறையில் ஊதினார். குளியலறையில் மட்டும் எல்லாமே அபாரமாக இருந்தன. சாப்பிடும்போது எழுந்துபோய் ஒரு சுரம் ஊதிவிட்டு வந்து மீதியைச் சாப்பிட்டார்.

“இதுக்கும் முந்தினதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க?” என்று கணவரை நிறுத்திவைத்துக் கேட்டார்.

“ரெண்டும் சத்தமாத்தான் இருக்கு.”

“உங்ககிட்ட போய் கேட்டேன் பாருங்க.”

“நானும் அதைத்தான் நெனச்சேன்.”

நான்காவதாக வந்தது மறுபடியும் முதல் கார்னெட்டேதான். அந்த மினுமினுப்பை அண்ணியால் மறக்க முடியவில்லை. ஒருவேளை அன்றைக்குத் தன் உதடு சரியில்லையோ, கூடத்தில் ஈரமோ, மாஸ்டருக்குச் சளியோ என்று காரணங்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, முதல் சுரத்திலேயே “வந்துட்டான்யா ஆணி” என்றார்.

“நான்தான் சரியா ஊதலையோ என்னமோ,” என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து அபூர்வமாக வரும் வாக்கியம். குழுவே திரும்பிப் பார்த்தது.

மாஸ்டர் இருவரையும் கருவியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அண்ணி கையில் நாத்தனாருடைய பழைய கார்னெட், நாத்தனார் கையில் மினுமினுப்பு. மறுபடி சுவர். மறுபடி மாற்றி மாற்றி ஊதினார்கள். “இது அண்ணி” என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் ஊதியது நாத்தனார்.

அண்ணி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். “அப்ப தப்பு எம்மேல இல்ல! கார்னெட்டுதான்!”

“கார்னெட்டுதான்,” என்றார் மாஸ்டர். “அதைப் பொறுக்கினது யாரு?”

இப்படிப்பட்ட கேள்விகள் அண்ணிக்குப் பிடிக்காது என்பதால் அவர் அப்படியே போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு சாத்திவிட்டு வந்தார். மாஸ்டர் விளக்கினார். கார்னெட்டின் விரிந்த வாய் எதிரில் இருப்பவரைப் பார்க்கிறது, ஊதுகிறவர் அதற்குப் பின்னால் இருக்கிறார். தன் ஒலியை நன்றாகக் கேட்கமுடிகிற கருவி எதுவோ அதைத்தான் அண்ணி ஒவ்வொரு முறையும் தேடி எடுத்தார். பின்னால் இருப்பவருக்கே அவ்வளவு கேட்டால், முன்னால் இருப்பவர் கதி என்ன? “கண்ணாடிக் கடையில நின்னு கார்னெட் எடுத்தா இப்படித்தான், அண்ணி. அங்க எல்லாருமே ராஜா.”

விழாவுக்கு முன்னால் வந்த அரைநாள் விடுப்பில் நாத்தனாரும் தன் கார்னெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இங்க குக்கர் விசில் அடிச்சாக்கூட கச்சேரி மாதிரி இருக்கும். கோடவுன் எங்க இருக்கு?” என்றார்.

“அங்க உக்கார இடமில்ல, மேடம்.”

“எங்க அண்ணி எங்கயும் உக்கார மாட்டாங்க. பரவால்ல.”

பின்பக்கச் சரக்கறையில் அட்டைப் பெட்டிகளும் துணி உறைகளும் கூரைவரை இருந்தன. ஊதிய சுரம் அங்கேயே விழுந்து செத்தது. நாத்தனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஊதுவது அண்ணி, முடிவு சொல்வது அண்ணி அல்ல. அண்ணி பெட்டிகளைப் பார்த்து நின்றுகொண்டார். கடைக்காரர் ஒவ்வொன்றாக நீட்ட, இருவரும் சேர்ந்து ஒரே சுரத்தை நீளமாக ஊதினார்கள்.

“வேணாம்.” அடுத்தது. “வேணாம்.” அடுத்தது. “ஐயோ, வேணாம்.”

“நல்லாத்தானடி இருந்துது!”

“உங்களுக்கு நல்லா இருந்துது. அடுத்தது குடுங்க சார்.”

கடைசியில் கடைக்காரர் தயங்கிக்கொண்டே, யாரோ பழையதுக்குப் போட்டுவிட்டுப் போன ஒன்றை எடுத்தார். மங்கிய நிறம், வளைவில் ஒரு நசுங்கல். இதற்கு அவர் கண்ணை மூடவில்லை. இருவரும் ஊதினார்கள். அண்ணி பாதியில் திரும்பினார்.

“என் சத்தம் எனக்கே கேக்கல.”

“எனக்கும் கேக்கல, அண்ணி.”

“ஓட்டையா?”

“இல்ல. மறுபடி ஊதுங்க. நான் கைகாட்டினதும் நீங்க மட்டும் நிறுத்துங்க.”

ஊதினார்கள். நாத்தனார் கை காட்டினார், அண்ணி நிறுத்தினார். அதுவரை வட்டமாக, சதைப்பிடிப்பாக இருந்த ஒலி சட்டென்று ஒல்லியாகிவிட்டது. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த ஆள் மாதிரி. அடுத்த பெட்டியைத் திறக்கக் குனிந்த கடைக்காரரே நிமிர்ந்தார்.

“பாத்தீங்களா? நிறுத்தினப்பதான் நீங்க இருந்தது தெரியுது.”

“காணாமப் போறதுக்கா இத்தனை நாள் அலைஞ்சேன்?” என்றார் அண்ணி. ஆனாலும் அந்த மங்கிய கார்னெட்டைக் கீழே வைக்கவில்லை. மினுமினுப்பையும் விட மனமில்லை. இரண்டையும் விழாவரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“தாராளமா எடுத்துட்டுப் போங்க, மேடம். கடையை மட்டும் விட்டுட்டுப் போங்க.”

அடுத்த ஒத்திகையில் மங்கியதை ஊதியபோது மாஸ்டர் சுவர்ப் பக்கம் நின்று காதை இப்படியும் அப்படியும் சாய்த்தார். “இது… அண்ணி” என்றார். நாத்தனார். “சரி, இது அண்ணி.” அதுவும் நாத்தனார். அவர் திரும்பி, “ஒருத்தரே ஊதி என்னை ஏமாத்தறீங்களா?” என்றார். டியூபா ஊதுகிறவர் கைதட்டினார். நாற்காலி அண்ணிக்குத்தான் என்று முடிவாயிற்று.

யாராக இருந்தாலும் இங்கே நிம்மதியடைந்திருப்பார்கள். அண்ணிக்கு அன்றிலிருந்துதான் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை காலம் ஊதிய ஊதலில் தான் என்று ஒன்று இருந்தது, மாஸ்டர் சுவரைப் பார்த்தே சொல்கிற அளவுக்கு. இப்போது அது போய்விட்டது. அதற்காகத்தான் பாராட்டுகிறார்கள். தோற்றபோது ஆளைத் தெரிந்தது, ஜெயித்தபோது ஆளையே காணோம். இது என்ன நியாயம் என்று ஆட்டோகிளேவைச் சுற்றி நடந்துகொண்டே யோசித்தார்.

திறப்பு விழா அன்று புது வார்டின் பெயின்ட் வாசனை அடித்த நடைக்கூடத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்றார். கட்டில்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. உள்ளே குழு உட்கார்ந்தாயிற்று, இரண்டு நாற்காலிகள் மட்டும் காலி. அண்ணி மங்கியதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கதவுவரை போனார். திரும்பிவந்து அதை வைத்துவிட்டு மினுமினுப்பை எடுத்தார். கதவுவரை போனார். திரும்பினார். விருந்தினர் வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்த கணவர், பந்தாட்டம் பார்ப்பதுபோல் இடமும் வலமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏதோ ஒண்ணை எடுத்துட்டுப் போயேன். ரெண்டும் சத்தமாத்தானே இருக்கு.”

“பேசாம இருங்க. ஒரே ஒரு நாள், நாலு பேர் காதுல என் சத்தம் விழட்டுமே. அதுல என்ன தப்பு?”

அண்ணியைத் தேடி நாத்தனார் வெளியே வந்தார். கையில் தன் கார்னெட். இரண்டு பெட்டிகளும் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மினுக்கறதை எடுத்தீங்கன்னா உங்க சத்தம் எல்லாருக்கும் கேக்கும், அண்ணி. நெஜமாவே நல்லாவும் இருக்கும். ஆனா என்னுது கேக்காது. மெதுவா வாசிக்கற எடம் அது. எம்மூச்சு அதுக்கு மேல வராது.” கதவைத் தள்ளிக்கொண்டே, “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

மாஸ்டர் கதவிடுக்கு வழியாகக் கையை ஆட்டினார். அண்ணி நடைக்கூடத்தின் கோடிவரை ஒரு முறை வேகமாக நடந்துபோய்த் திரும்பினார். மினுமினுப்பைப் பெட்டியில் வைத்து மூடி, கணவர் கையில் திணித்தார். மங்கிய கார்னெட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய், நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது கார்னெட் வாசித்தார்.