இடப்பக்கம் சுழன்ற உருளை

ஆர்டிஸ் பெக்ஸ்ட்ரம் எங்கள் வடமேட்டு வாய்க்காலின் வாய்க்கால்காரி. ஏப்ரலில் தண்ணீர் திறந்த நாளிலிருந்து அக்டோபரில் பீட்கிழங்கு தோண்டும்வரை, தினமும் விடிகாலையில் தன் பழைய பிக்கப்பில் கிளம்பி, ஒவ்வொரு வயலின் மதகையும் அவரவர் பங்குக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கிவிட்டு வருவாள். தெற்கு ஐடஹோவில் தண்ணீர் எட்டாத இடமெல்லாம் வெறும் சேஜ் புதர்தான். அதனால் மதகுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் திட்டித் தீர்க்கும். ஆர்டிஸுக்கு இரண்டும் கிடைத்தன. திட்டு கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது.

திட்டியவர்களில் முதல் ஆள் டிலாய் ஹெப்வொர்த். அவருடைய பீன்ஸ் வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது. ஜூலை பிறந்தால் அவருக்குத் தண்ணீர் இளைத்துவிடும். அவருக்கு மேலே ஆர்டிஸின் தங்கை வீட்டுக் குதிரைமசால் வயலோ பச்சைப்பசேல் என்று நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டிலாய், ஆர்டிஸ் தண்ணீர் திருடித் தங்கைக்குக் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். தீவனக் கடையில், உணவகத்தில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், எங்கே நாலு பேர் நின்றாலும் அதையே சொன்னார்.

ஆர்டிஸின் கணவர் இறந்து வெகுநாள் ஆகிறது. பிள்ளைகள் ஊரில் இல்லை. அவளுக்கென்று இருந்தது அந்த வேலையும் அந்தப் பெயரும்தான். "வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம். என்னைத் திருடின்னு சொன்னதை அந்த ஆளு தன் வாயாலயே திரும்ப எடுத்துக்கணும்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். டிலாயோ அந்த வருஷம் பேச்சோடு நிற்காமல், வாய்க்கால் குழுவுக்குப் புகாராகவே எழுதிக் கொடுத்துவிட்டார். செப்டம்பர் கூட்டத்தில் விசாரணை. புகார் நின்றால் அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, திருடி என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வாய்க்கால் வேலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியும் ரிவால்வரும் இல்லாமல் போவதில்லை. பாம்பு வரும், வெறிபிடித்த நரி வரும், தண்ணீரில் விழுந்து கால் ஒடிந்த கன்றுக்குட்டியை முடித்துவைக்க வேண்டியும் வரும். ஆண்களில் பலர் இடுப்பில் பீரங்கி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதன் பாரத்துக்குக் கால்சட்டையைத் தூக்கித் தூக்கி விட்டபடி நடப்பார்கள். ஆர்டிஸிடம் இருந்தது பாயின்ட் டூ டூ, இருப்பதிலேயே சின்னத் தோட்டா போடுகிற ரகம். தோட்டா போட ஆறு குழி உள்ள உருளை, குட்டைக் குழல், சட்டைப் பையில் போட்டால்கூடத் தெரியாது. கொசு அடிக்கவா இது என்று யாராவது கேட்டால், கொசுவைக் காட்டு, அடிக்கிறேன் என்பாள்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வியாழக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், காலியான உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றில் அட்டைக் குறி வைத்துச் சுடுவோம். அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. ஒற்றைக் கையை நீட்டி, அவசரமே இல்லாமல், ஐந்து தோட்டாவை ஒரு சில்லறைக் காசளவு வட்டத்துக்குள் இறக்குவாள். என் அட்டையை நான் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன்.

தோட்டா விஷயத்தில் அவள் படு கறார். குறி சுடுவதற்கு மெதுவாகப் போகும் ஈயத் தோட்டா. ஒவ்வொரு கம்பெனியாக வாங்கிச் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்கு ஒத்துவருவது எது என்று தெரிந்ததும், ஒரே சரக்கில் செய்த பெட்டிகளாகப் பொறுக்கி மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வாள். வாய்க்காலுக்கு வேறு கணக்கு. முதலில் வெடிக்கும் இரண்டு குழிகளில் ரவைத் தோட்டா. அதில் ஒற்றைக் குண்டு கிடையாது. கடுகளவு ஈய ரவைகள் இருக்கும். ஆறேழு அடிக்குள் இருக்கும் பாம்புக்கு அது எமன், அதற்கப்பால் தகர டப்பாவைக்கூடத் துளைக்காது. குறி பார்க்கத் தேவையில்லை. கையை அந்தப் பக்கம் நீட்டினால் போதும். மீதி நான்கு குழிகளில் சாதாரணக் குண்டு. வாய்க்கால்பக்கம் நாங்கள் எல்லோருமே இப்படித்தான் போடுவோம்.

அந்த வருஷம் வசந்தத்தில் அவளுடைய பழைய ரிவால்வரில் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி தேய்ந்துபோய், தோட்டாக்கள் வெடிக்காமல் மக்கர் பண்ணின. பாகம் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு பண்ணை ஏலத்தில், அதே அளவில் வேறு கம்பெனி ரிவால்வர் ஒன்றை எடுத்தாள். கைக்கு நன்றாகப் பொருந்தியது. வியாழக்கிழமைகளில் பழையதைவிட ஒரு படி மேலாகவே சுட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பழையதில் விசையை இழுத்தால் உருளை வலப்பக்கம் சுழலும். புதியது இடப்பக்கம் சுழலும். குறி சுடும்போது எல்லாக் குழியிலும் ஒரே ரகத் தோட்டா என்பதால் அது எந்தப் பக்கம் சுழன்றால் என்ன? அவள் கவனிக்கவில்லை. காலையில் வாய்க்காலுக்குக் கிளம்பும்போது மட்டும், பழகிய விரல்கள் பழைய துப்பாக்கிக்குரிய குழிகளிலேயே ரவையைப் போட்டன. புதியதில் மூன்று குண்டு வெடித்த பிறகுதான் அந்தக் குழிகளின் முறை வரும்.

ஆகஸ்டில் ஒரு பகல், ஆர்டிஸ் கடைசி மதகில் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டிலாய் வந்துசேர்ந்தார். மதகின் இரண்டு சிமென்ட் சுவர்களுக்கு நடுவே நிழலில் இறங்கி நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"உன் தங்கச்சி வீட்டு வயலைப் பாத்தியா? மாடு உள்ள போனா கொம்புகூடத் தெரியாது. என்னுதுல தூசி பறக்குது."

"அளவுக்கட்டை இங்கதான் இருக்கு. நீங்களே பாத்துக்குங்க."

"கட்டைய நட்டதே நீதானே."

அப்போது அவர் காலடியில் கிலுகிலு என்று சத்தம் கேட்டது. சுவரோரம் வெயிலுக்கு ஒதுங்கியிருந்த கிலுகிலுப்பைப் பாம்பு, அவருடைய பூட்ஸுக்குப் பின்னால் சுருண்டு தலையைத் தூக்கியிருந்தது. முன்னால் தண்ணீர், இரண்டு பக்கமும் சுவர். நகர வழியில்லை.

அசையாதீங்க என்றாள் ஆர்டிஸ். இத்தனை வருஷத்தில் டிலாய் அவள் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் கையை நீட்டி விசையை இழுத்தாள்.

ரவைத் தோட்டா புஸ்ஸென்று வெடிக்கும். இது சுளீரென்று வெடித்தது. பாம்பின் தலை இருந்த இடத்தில் தலை இல்லை. சுவரில் ஒரே ஒரு வெள்ளைப் பள்ளம் விழுந்திருந்தது, டிலாயின் குதிகாலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி. குண்டு அங்கே பட்டுத் தெறித்து, அவர் முழங்காலை ஒட்டி வயலுக்குள் போயிருந்தது. அவளுக்கு அந்தக் கணமே எல்லாம் புரிந்துவிட்டது.

டிலாய் பள்ளத்தைப் பார்க்கவில்லை. தலையில்லாத பாம்பைத்தான் பார்த்தார். "ஒரே குண்டுல, தலைய மட்டும்," என்று முணுமுணுத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமா? டிலாய் அந்தப் பாம்பை வண்டியில் போட்டு ஊர் முழுக்கக் காட்டினார். சொல்லச் சொல்ல அவள் நின்ற தூரம் கூடிக்கொண்டே போனது. ஒரு வாரத்தில் அவள் வாய்க்காலுக்கு அக்கரையில் நின்று சுட்டதாக ஆகிவிட்டது. கொசு ஜோக் அடித்தவர்கள், எந்தத் தோட்டா போடுறா என்று என்னைக் கேட்டார்கள். அந்த ரகம் கடையில் தீர்ந்துபோனது. நடு உணவகத்தில் எழுந்து நின்று டிலாய், ஆர்டிஸைத் திருடி என்றது என் தப்பு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் எதற்காக ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த மாதிரி அவள் முகம் இல்லை. தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்தினாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

எழுத்தில் கொடுத்த புகாரைக் குழுவின் முன் நேரில் வந்துதான் திரும்ப வாங்க வேண்டும் என்பது விதி. செப்டம்பர் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட நிறையப் பேர் வந்திருந்தோம். டிலாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவு சுத்தமாகச் சுடுகிற கை தண்ணீரைத் தப்பாக அளக்காது என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். இன்னும் அரை நிமிஷம் போனால் விஷயம் முடிந்தது.

"டிலாய், கொஞ்சம் உக்காருங்க," என்று எழுந்தாள் ஆர்டிஸ். "அன்னிக்கு நான் பாம்போட தலைக்குக் குறி வெக்கல. முதக் குழியில ரவை இருக்குன்னு நெனச்சு சும்மா கைய நீட்டினேன். வந்தது குண்டு. புதுசு இடப்பக்கம் சுத்துது. நான் பழசுக்குப் போடற மாதிரி போட்டுட்டேன். உங்க காலு தப்பிச்சது என் தெறமையால இல்ல."

எங்கள் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அங்கிருந்த பாதிப் பேரின் விரல்கள் மடியில் இல்லாத ஒரு உருளையை இடப்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

புகாரைத் திரும்ப வாங்குவதா இல்லையா என்று தலைவர் கேட்டார். டிலாய் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் காலு போயிருக்கும்," என்றார்.

"ஆமா."

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "திரும்ப வாங்கிக்கறேன். பாம்புக்காக இல்ல, அதை விட்டுத் தள்ளுங்க. இதையே ஒளிக்காதவ தண்ணிய ஒளிச்சிருக்க மாட்டா. எடுத்திருந்தா இதே மாதிரி எழுந்து நின்னு சொல்லிருப்பா."

உட்காரப் போனவர் பாதியில் நின்று அவளைப் பார்த்தார். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை.

"அப்ப என் தண்ணி எங்கதான் போவுது?"

"இத்தனை வருஷமா திருடின்னு சொன்னீங்களே தவிர, அதை நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க, டிலாய்," என்ற ஆர்டிஸ், அத்தனை பேருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.