ஏழு குழிகள் குறைந்த பிற்பகல்

எங்கள் வீடு ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், மூன்றாம் மாடியில். அறுபத்திரண்டு படிகள். 2016 இல் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகளும் அவளுடைய சிநேகிதியும் காலையிலிருந்தே எங்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். சிநேகிதி பிரெஞ்சுப் பிள்ளை. இருவரும் ஸ்லாவிய மக்களின் ஆதி வரலாற்றை ஆராய்கிறவர்கள். மகளின் தேஸை, அதாவது ஆய்வேட்டை, அன்று நான்கு மணிக்கு முன் பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். தவறினால் வாய்மொழிப் பரீட்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலையும் போய்விடும்.

ஐந்து ஆண்டுகளாக அவள் ஆராய்ந்தது இடுகாடுகளை. அந்தப் பழைய ஸ்லாவியர் இறந்தவரை எரித்தவர்கள். சாம்பலைச் சிலர் கலத்தில் இட்டுப் புதைத்தார்கள், சிலர் வெறுங்குழியில் கொட்டினார்கள். எங்களைப்போல எரிக்கிறவர்கள் என்று அறிந்த பிறகுதான் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பிடிப்பு வந்தது.

வரைபடங்கள் ஏழு தாள். கலத்துக்குக் கரும்புள்ளி, வெறுங்குழிக்கு வட்டம். அட்டவணையில் கலம் 131, வெறுங்குழி 83, மொத்தம் 214. "இதை ஆர் திருப்பி எண்ணிப் பாத்தது?" என்று நான்கு தடவை கேட்டுவிட்டேன். ஐந்தாவது தடவை மகள் தாள்களை என் முன்னே போட்டாள்.

"இந்தாங்கோ, எண்ணுங்கோ. எண்ணிப்போட்டு எங்களை விடுங்கோ."

நான் விரலை வைத்துச் சத்தமாக எண்ணினேன். சிநேகிதிக்குத் தமிழ் தெரியாது. நான் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும்போதும் விரல் நிற்கும் குறியைப் பார்த்து, கலமா வெறுங்குழியா என்று உரிய பத்தியில் ஒரு கோடு போட்டாள். ஒவ்வொரு தாளையும் புதிதாகத் தொடங்கினேன். கடைசியில் கோடுகளைக் கூட்டினோம். கலம் 127, வெறுங்குழி 80. ஏழு குழிகளைக் காணவில்லை.

அப்போது மணி இரண்டரை. இரண்டு அகழாய்வு அறிக்கைகளில் வந்த அதே குழிகளை இருமுறை சேர்த்திருக்கலாம் என்று சிநேகிதி பிரெஞ்சில் சொன்னாள். மகள் 131ஐ அழித்து 127 என்று அடித்தாள். பிறகு நான்காம் அத்தியாயத்தின் விகிதங்களை மாற்றத் தொடங்கினாள். அவளுடைய முழு முடிவும் அந்த விகிதத்தில்தான் நிற்கிறது.

"பொறு பிள்ளை, நான் இன்னொருக்கா..."

"வேண்டாம் அப்பா. நீங்கள் எண்ணினது போதும்."

என்றாலும் முதல் தாளை இழுத்தேன். சிநேகிதிக்குப் பேனாவைக் காட்டினேன். "லாபம்" என்றேன். பேனா அசையவில்லை. "இரண்டு" என்றேன். ஒரு கோடு விழுந்தது.

ஊரில் நெல் பண்டசாலையில் பதினொரு ஆண்டு எழுதுவினைஞராக இருந்தவன் நான். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை. நெல் பெருகட்டும் என்று முதல் புசல் பெட்டி லாபம், அடுத்தது இரண்டு. அளப்பவர் அந்த லாபத்தைச் சற்று இழுத்துச் சொல்வார். நானும் இழுத்திருக்கிறேன். ஏழு தாளுக்கு ஏழு லாபம்.

விஷயத்தை விளக்கியதும் சிநேகிதியின் முகம் சிவந்துவிட்டது. "ஐயா கடவுளைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறார் என்றல்லவா நினைத்தேன்!" என்றாள் பிரெஞ்சில்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "செத்த ஆக்களின்ரை குழியை எண்ணேக்கையும் லாபமோ, அப்பா?"

நான் ஏழு தாள்களையும் திரும்ப அடுக்கினேன்.

"திருப்பி எண்ணுங்கோ. ஒண்டு எண்டு தொடங்கவேணும். நான் பக்கத்திலை நிப்பன்."

முதல் இரண்டு தாளிலும் வாய் தடுக்கியது. மற்ற ஐந்தும் சுகமாகப் போயின. 131, 83. மகளின் அட்டவணை சரி.

ஆனால் அதற்குள் அவள் பன்னிரண்டு இடங்களில் எண்களை மாற்றியிருந்தாள். மூன்று நாற்பதுக்குப் பதினொன்றைத் திருத்தியாயிற்று. பன்னிரண்டாவதை இருவரும் தேடினார்கள். பின்னிணைப்பில் கிடைத்தது. மூன்று ஐம்பத்துமூன்றுக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று பதிலும் வந்தது.

"என்ரை தேஸுக்குக் கிட்டவும் இனி வரப்படாது, அப்பா."

"ஓம்" என்றேன்.

அவர்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் தெருவுக்குத் தோசை சாப்பிடப் போனார்கள். படியில் காலடிச் சத்தம் அடங்கியதும் நான் அவளுடைய கணினியைத் திறந்து, அனுப்பிய பிரதியில் அந்தப் பன்னிரண்டு இடங்களையும் பார்த்தேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன.