தலைமாட்டு விளக்கு

அம்மனை நம்பும் உங்கள் முன்னால் எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் எழுந்து அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லச் சொன்னார்கள். எழுந்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

போன வருடம் ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்குக் குடலில் புற்றுநோய் என்று சேலத்தில் சொன்னார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்ததும் அவர் பேச்சு நின்றுபோனது. சாப்பிடுங்க என்றால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவர் குணமாகும் வரை தலையில் பூ வைக்க மாட்டேன், சோற்றில் உப்புச் சேர்க்க மாட்டேன், உன் படத்துக்கு முன்னால் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வேன் என்றேன். டிவியையும் நிறுத்தினேன். காலையிலும் மாலையிலும் தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டபடியே கும்பிட்டேன். பாத்ரூம் பக்கம் என்பதால் அவர் கட்டிலை முன்னறையில் போட்டிருந்தோம். அம்மன் படமும் விளக்கும் அவர் தலைமாட்டில் இருந்தன. அம்மன் கூடவே இருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம்.

சொந்தக்காரர்கள் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள். சுவரோரம் பாயில் உட்காருவார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டுப் போவார்கள்.

தை மாதம், ஒரு சாயங்காலம். கரண்ட் போயிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்தார். சுவரோரம் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தலையைத் திருப்பி விளக்கைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். விரித்த தலையும் பூவில்லாத கோலமுமாக நின்றிருந்தேன்.

"எப்பப் புள்ள எடுக்கறாங்க?" என்றார்.

பிணத்தை எடுப்பதைக் கேட்டார். தன் பிணத்தை.

"ஏனுங்க, என்ன பேச்சுங்க இது! நீங்க உசுரோடதான் இருக்கறீங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"அப்படியா" என்று கண்ணை மூடிக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

உள்ளே போனேன். பீரோக் கண்ணாடியில் யாரோ தாலியறுத்தவள் நின்றாள். அது நான்தான். மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டை இழவு வீடாக்கி வைத்திருந்தேன். அதுவும் சாமி பேரைச் சொல்லி.

வேண்டுதலை நாமாக முறிக்கக் கூடாது. அந்த வாரம் கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயிலில் அம்மன் தோளில் பூ வைத்து உத்தரவு கேட்பது வழக்கம். வலது பக்கம் விழுந்தால் சம்மதம். பூசாரி இரண்டு தோளிலும் செவ்வந்தி வைத்தார்.

"தாயே, பொழைக்க வெய்யின்னு இன்னிக்குக் கேக்கல. சாவற வரைக்கும் அவரு உசுரோட இருக்கோணும். நான் வெச்ச வேண்டுதல நீயே எடுத்துக்க" என்று அழுதேன்.

பூ அசையவே இல்லை. பூசாரியைப் பார்த்தேன்.

"இரு அம்மணி, அவளுக்கும் ரோசனை பண்ண நேரம் வேணுமல்ல?" என்றார் பூசாரி.

வலது பக்கப் பூ விழுந்தது. அதையே எடுத்து என்னிடம் நீட்டி, "வெச்சுட்டுப் போ" என்றார்.

பூ வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அவருடைய அக்கா பாயில் இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டுனவன் படுத்துக் கெடக்கறான். உனக்குப் பூ ஒரு கேடா?"

என் கை பூவை எடுக்கப் போனது. கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"ஏனக்கா, நான் பாக்கோணும்னுதான அவ வெச்சிருக்கறா. நீ எதுக்குப் பாக்கறே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தையல் போட்ட இடம் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ" என்றபடியே சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டார். விளக்கு தலைமாட்டில் இல்லாதபடி அன்றே கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டார்.

நோய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அவர் அசந்து தூங்கினால் இன்றும் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். சாயங்காலம் கரண்ட் போனால் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. விழாத நாள் வருமா, தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் டிவி ஓடுகிறது. பார்க்க வருகிறவர்களுக்கு டீ கொடுத்து, வாயைத் திறந்து பேசச் சொல்கிறேன். அவர் வண்டிக் கதை சொல்கிறார். நானும் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறேன். இது அம்மன் கொடுத்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருக்கலாம். உயிரைக் கேட்கும்போது அவர் சிரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். இதையெல்லாமா சாமியிடம் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். எனக்கே கொடுத்தவள், உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா?

அவர் சிரித்ததற்கு அடுத்த நாள் கீமோவுக்காகச் சேலம் போனோம். ரத்தத்தில் அணுக்கள் குறைவாக இருக்கின்றன, இப்போது மருந்து ஏற்ற முடியாது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரமும் அவர் எங்கள் வீட்டில் உயிரோடு இருந்தார்.