முதுகில் ஒரு கோடு

கண்ணை மூடிக்கொண்டு, வார்டில் படுத்திருந்த பஸ் கண்டக்டரின் கழுத்தில் நான்கு விரல்களை ஊன்றி, மெல்ல அமுக்கியபடியே நெஞ்சு வரை இறங்கினாள் பெரிய சிஸ்டர். மூச்சுவிடத் தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்த நோயாளிகள், குழாய் மாற்றிய நோயாளிகள் யாரும் இந்தச் சோதனைக்குத் தப்ப முடியாது. காற்று கசிந்து தோலுக்கடியில் புகுந்திருந்தால் கல்லுப்பு நறநறப்பது போல விரலுக்குத் தெரியும். பரவியிருக்கும் எல்லையில் பேனாவால் கோடு போட்டு, கண்டுபிடித்த நேரத்தைப் பக்கத்தில் எழுதுவாள். காற்று கோட்டைத் தாண்டினால் ஆபத்து.

பதினெட்டு வருடமாக அந்த வார்டில் கோடு என்றால் அவள் கோடுதான். எக்ஸ்ரேயைப் பார்க்குமுன் டாக்டர் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். வீட்டிலும் கை சும்மா இருக்காது. தலையணை, சோபா, புருஷனின் தோள் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்ப்பாள். "விடும்மா, நான் இன்னும் லீக் ஆகல" என்பார் அவர்.

அன்று ஒன்பது மணிக்கு, "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்று நகர்ந்துவிட்டாள். பதினொன்று பத்துக்கு, வேலைக்கு வந்து மூன்றே மாதமான சின்ன சிஸ்டர், கண்டக்டரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது. "அக்கா, இங்க ஏதோ நறநறங்குது."

கழுத்தை விட்டுவிட்டுக் காற்று தோள்பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. டாக்டர் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தார். சின்னவளையே கோடு போடச் சொன்னார். "முதுகுல போய் யாரு பாப்பாங்க? நல்ல கைம்மா உனக்கு."

பெரிய சிஸ்டருக்கு வயிறு எரிந்தது. நல்ல கையாம்! இத்தனை வருடத்தில் அவளுக்கு அந்தப் பாராட்டு ஒரே ஒரு முறைதான் கிடைத்திருக்கிறது. "துடைக்கப் போன எடத்துல தட்டுப்பட்டிருக்கு, அவ்ளோதானே" என்றாள் வார்டு ஆயாவிடம். "தட்டுப்படலைன்னா என்ன ஆயிருக்கும் சிஸ்டர்?" என்று ஆயா கேட்டுவைத்தாள்.

சின்னவள் சாப்பிடப் போனதும் பெரிய சிஸ்டர் கண்டக்டரிடம் திரும்பி வந்தாள். கோடு ஒரு விரற்கடையாவது தப்பியிருக்கும், கண்டுபிடித்துக் காட்டாமல் விடுவதில்லை. கண்ணை மூடி, இடுப்பிலிருந்து மேல்நோக்கி அமுக்கிக்கொண்டே போனாள். நறநறத்த இடத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறந்தாள். அச்சுப் பிசகாமல் கோட்டின் மேலேயே நின்றிருந்தது.

வியர்வையில் கோடு மங்கி, நேரம் பாதி அழிந்திருந்தது. பேனாவை எடுத்து அதே கோட்டின் மேல் மறுபடி இழுத்தாள். பக்கத்தில் இப்போதைய மணியை எழுதினால் கண்டுபிடித்தது பெரியவள்தான் என்று ஆகிவிடும். பேனா சற்றே தயங்கியது. பிறகு 11.10 என்று எழுதினாள், பேச முடியாத கண்டக்டர் முகத்தைச் சுளித்துத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுத்தி.