கடைசியாக யார் தொட்டது?

என் கொழுந்தனுக்கு நிதானம் என்று பெயர் வைத்தவள் நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருக்கிறது; ஆனால் இப்போது அவன் பெண்டாட்டியே "நிதானம் வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறாள். ஒரு போல்ட்டைக் கழற்றினால் அதைக் கழுவி, துடைத்து, கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாள்மேல் அடுக்கி வைப்பான். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தலை வெடிக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். 'கிளட்சை மெதுவா விடு' என்று பதினாறு வருஷமாகக் கத்துகிறவளுக்கு வீட்டில் காட்டப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்?

அவன் பஸ் டிப்போ பணிமனையில் பதினோரு வருஷமாகத் தற்காலிக மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து என் காரைப் பார்ப்பான். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரே கேள்விதான். "கடைசியா யார் தொட்டது அண்ணி?" பதில் வந்த பிறகுதான் ஸ்பானரை எடுப்பான். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும் என்பான். நாங்கள் அதைக் கிண்டலடிப்போம். மிக்சி ஓடவில்லை என்றால்கூட என் வீட்டுக்காரர் அவன் குரலில் "கடைசியா யார் தொட்டது?" என்பார்.

சரி, இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லவே நாக்கு கூசுகிறது.

உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் புதிதாக வந்த ஆயில் ஃபில்டரை என் கையில் கொடுத்து, "இதப் போட்டுப் பாருங்க டீச்சர், இஞ்சின் சத்தமே கேக்காது" என்றார். நிதானம் பழைய ஃபில்டரை மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிறு வரை பொறுத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி, டிப்போ ஃபோர்மேனின் மகள். "வண்டி வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதவங்க டிரைவரே கிடையாது, பாத்துக்குங்க" என்று பீற்றிக்கொண்டு, ஜாக்கி போட்டு, அடியில் முட்டுக் கொடுத்து, படுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். ஃபோர்மேன் மகள் கை தட்டினாள். எழுந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர் முன்பே, "தம்பி இருக்கான்ல, நீ கை வெக்காதே. நீ வைப்பர் மாத்தின அழகு போதும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அடுத்த வாரம் காருக்கு அடியில் கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

ஞாயிற்றுக்கிழமை நிதானம் வந்தான். கறையைக் குனிந்து பார்த்தான். "கடைசியா யார் தொட்டது அண்ணி?"

என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்றார். "யாரு தொடப்போறா? நீ தொட்டதுதான் கடைசி" என்றேன்.

அவ்வளவுதான். அவன் ஃபில்டர் பக்கமே போகவில்லை. அவனே மாட்டியது அல்லவா, அவன் கைக்கு அவனே ஜாமீன். இஞ்சின் மேல்மூடியைக் கழற்றினான். மூடிக்கு அடியில் இருக்கிற காஸ்கெட் லேசாகக் காய்ந்திருந்தது, மாற்றினான். ஒழுகல் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு அடியில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டான். நிற்கவில்லை. மூன்றாவது ஞாயிறு இஞ்சின் முன்பக்கத்து ஆயில் சீல் ஒன்றை மாற்ற, பெல்ட், புல்லி என்று பாதி இஞ்சினைப் பிரித்துப் போட்டான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் மறுபடியும் சொட்டியது.

"பதினோரு வருஷமா அந்த டிப்போவுல என்னத்தக் கத்துக்கிட்டே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானர்களைத் துடைத்தான்.

முதல் வாரம் எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. இரண்டாவது வாரம் தோன்றியது, அந்த ஃபில்டராக இருக்குமோ என்று. தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

அந்தச் சமயத்தில்தான் டிப்போவில் ஒரு நிரந்தர மெக்கானிக் வேலை காலியாகியிருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டே பேர், நிதானம் ஒருவன். யாரை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஃபோர்மேன். ஓரகத்தி அந்த ஒரு மாதமும் வேறு பேச்சே பேசவில்லை.

மகளுக்கு ஓட்டுநர் தேர்வு நெருங்கியதால் ஒருநாள் ஃபோர்மேனும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். "உங்க கொழுந்தன் எப்படி டீச்சர்? வீட்டு வேலையெல்லாம் செய்வானா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அதற்கு முந்தின நாள்தான் மூன்றாவது ஞாயிறு. எரிச்சல் அடங்கவில்லை. "நல்ல பையன்தான் சார். ஆனா மூணு வாரமா இந்த வண்டியில ஒரு ஒழுகல நிறுத்த முடியல. எங்க கோளாறுன்னே அவனுக்குப் பிடிபடல" என்றேன்.

ஓட்டிக்கொண்டிருந்த மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரோட்டப் பாத்து ஓட்டும்மா!" என்று அதட்டினேன்.

சனிக்கிழமை முடிவு வந்தது. வேலை மற்றவனுக்கு.

"எனக்குக் கொடுத்து வெக்கல அண்ணி" என்றான் நிதானம். அதோடு விட்டுவிட்டான். மறுநாள் காலையில், எப்படித்தான் மனசு வந்ததோ, பெண்டாட்டியின் முகப்பவுடர் டப்பாவோடு வந்து நின்றான். இஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து, எங்கும் பவுடரைத் தூவி, ஓட விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். ஃபில்டரைச் சுற்றி மட்டும் பவுடர் நனைந்து கறுத்தது.

இஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, அடியில் போனான். அவன் மாட்டுகிற ஃபில்டரில் வெள்ளைப் பெயிண்டால் தேதி போடுவான். இதில் தேதி இல்லை. வெளியே வந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். மறுபடி போய்க் கழற்றினான். வெளியே நீட்டிய கையில் இரண்டு ரப்பர் வளையம்; ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய ஃபில்டரின் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, நான் பார்க்காமல் அதன்மேலேயே புதியதை மாட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் வழி கண்டுபிடித்துவிட்டது.

"என்னடா அது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"என் தப்புண்ணே. போன தடவை பழைய வளையத்த எடுக்காம மாட்டிட்டேன்."

"அடப்பாவி! நிதானத்துக்கே நிதானம் தப்பிடுச்சா!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தேனே, அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் டிப்போவுக்குப் போனேன். ஃபோர்மேன் மேஜை முன்னால் நின்று, ஃபில்டரை மாற்றியது நான், மறைத்தது நான், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஆர்டர் போயிடுச்சு டீச்சர். ரெண்டு பேரும் சமமா இருந்தாங்க. நீங்க சொன்னதத்தான் நான் எழுதினேன்."

சாயங்காலம் பின்பக்கத்தில் எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டு சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். ஓரகத்தி விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள். இன்றுவரை என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். நிதானம் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்தான். "சரி அண்ணி" என்றான்.

"சரின்னு சொல்லாதே தம்பி. நல்லா நாலு வார்த்த திட்டு."

"திட்டினா வேலை வந்துடுமா அண்ணி?" என்றான்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், காரைப் பார்க்கிறான், அண்ணி என்றுதான் கூப்பிடுகிறான். அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் கேட்பதில்லை. வீட்டில் யாரும் அதை வைத்துக் கிண்டலும் அடிப்பதில்லை.

போன வாரம் பிரேக் பிடித்தால் கிறீச்சென்று சத்தம் வந்தது. அவன் துண்டை விரித்துக் கீழே உட்கார்ந்தான். கேட்பான், கேட்பான் என்று நின்றேன். கேட்கவில்லை. "கடைசியா நீதான் தொட்டது தம்பி. வேற யாரும் தொடல. சத்தியமா" என்று நானே சொன்னேன்.

"சரி அண்ணி" என்றான். டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், முதலில் ஃபில்டரில் தேதி இருக்கிறதா என்று பார்த்தான்.