தொம்மை தரவேண்டிய அரைமணி

வால்வைத் திறந்ததும் தொம்மை வலது செருப்பைக் கழற்றி, வெறுங்காலைக் குழாயின் மேல் வைப்பார். உள்ளே ஓடும் தண்ணீரின் அதிர்வை வைத்து, இன்றைக்கு எத்தனை தெருவுக்குத் தாங்கும் என்று கணித்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

திண்டிவனத்தின் ஓரத்தில் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஒப்பந்தத் தொழிலாளி அவர். தொட்டி கட்டியபோது ஆறு தெருக்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் மனையாகி இப்போது இருபத்திரண்டு. தொட்டி அதேதான். தினமும் வந்த தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை, தெருவுக்கு அரைமணி என்றானது.

மனைவி இறந்தபின் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். மகள் ஜெசி புதுச்சேரியில். தொம்மையின் செல்போன் எண் எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் அன்று பதினேழு பேர் கூப்பிட்டார்களாம். "அத்தினி பேரும் தண்ணி எப்ப வரும்னுதாம்ப்பா கேட்டாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நானும் அன்று வாழ்த்துச் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

போன மே மாதம், வேறொரு தெருவில் புதிதாகக் குடிவந்த வல்லரசின் அம்மா இறந்துபோனார். அனந்தபுரத்திலிருந்து வேன் வேனாக உறவினர்கள் வந்து இறங்கினார்கள். அரைமணி ஆகியும் தொம்மை அந்தத் தெருவின் வால்வை மூடவில்லை. கடைசியில் இருக்கும் எங்கள் தெருவின் முறை வந்தபோது தொட்டி காலி.

"இன்னா தொம்மைண்ணே, நாங்க இன்னா ஒட்டகமா?" என்றார் எதிர்வீட்டு ராஜாமணி அக்கா, காலிக் குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு.

"சாவு வூட்டுல எப்படிம்மா மூடறது? உங்க தெருவுக்கு அரைமணி கடன். அடுத்த முறை சேத்து வுடறேன்."

"தண்ணியில கடன் சொல்ற ஆள இப்பதான் பாக்குறேன்!"

மறுநாள் தெரு கூடி, தொம்மை மேல் நகராட்சியில் மனு கொடுக்க முடிவுசெய்தது. தெருவிலேயே பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். பேனா என் கைக்கு வந்தது. ஒருநாள் நடந்ததை அடிக்கடி நடப்பதாக எழுதினேன், மனுவுக்குக் கனம் வேண்டும் என்று. இரண்டாவது தொட்டி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நகரமயமாதல் பற்றி ஒரு தாளே எழுதித் தேறியவனுக்கு அது தோன்றவில்லை.

எங்கள் முறை மறுபடி வருவதற்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒருமுறை திறந்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாராம். சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன், பையும் கையுமாக எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. என்னிடம், "அரைமணி நிக்குதுப்பா. புதுசா வர்ற ரஞ்சித்துகிட்ட சொல்லிட்டேன்" என்றார். மனுவை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வர்றேன்" என்று நடந்துவிட்டார்.

அடுத்த முறை ரஞ்சித்திடம் கேட்டேன்.

"சொன்னாருங்க. ஆனா எந்தத் தெருவுல புடிச்சு உங்களுக்குக் குடுக்கறது? நீங்களே சொல்லுங்க சார்."

மற்ற இருபத்தொரு தெருக்களில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அரைமணி இன்னும் வரவில்லை.